கண்ணாடி பார்க்க ஏன் தயக்கம்?

மேலுதட்டிலும் தாடையிலும் அரும்பும் ரோமத்தைத் துப்பட்டாவின் ஓரத்தால் மறைத்தபடி நடக்கிறீர்களா? மாதவிலக்குத் தள்ளிப் போவதைப் பெற்ற தாயிடம் சொல்லவும் கூசுகிறீர்களா? இது உங்களுக்கு மட்டும் நேர்ந்ததன்று. குழந்தை பெறும் வயதிலுள்ள பெண்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவருக்கு இந்நிலை இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது.

'சினைப்பை நீர்க்கட்டி' என்னும் பெயரே பாதி அச்சத்தை உண்டாக்கிவிடுகிறது. 1935இல் ஸ்டெயின், லெவந்தால் என்னும் அமெரிக்க மருத்துவர்கள் இதனை விவரித்தனர். உண்மையில் அவை கட்டிகள் அல்ல. முதிராமல் நின்றுவிட்ட சினைப்பைகளின் நுண்குமிழ்கள். ஆண்மைச் சுரப்பு மிகுவதும், இன்சுலின் சரிவர வேலை செய்யாமையும் சேர்ந்தே ரோமம், பரு, பருமன் ஆகியவற்றைத் தருகின்றன. மெலிந்த பெண்களுக்கும் இது வரும். ஆகவே, "தின்றே வரவழைத்துக் கொண்டாள்" என்னும் பேச்சை வீட்டுப் பெரியவர்கள் விட்டுவிடட்டும்.

இங்கிலாந்தில் 1990இல் பிறந்த சீக்கியப் பெண் ஹர்னாம் கவுர் பள்ளியில் பட்ட ஏளனம் கொஞ்சமன்று. பதினாறாம் வயதில், இனி மழிப்பதில்லை என்று முடிவு செய்தார். முழுத் தாடி கொண்ட மிக இளைய பெண்ணாக 2015இல் அவர் செய்த சாதனை கின்னஸ் பதிவில் ஏறியது. நீங்களும் அவ்வாறே வளர்க்க வேண்டும் என்பதில்லை. பெண்ணுக்கு முளைக்கும் தாடி மீசையை நீக்குவதை இமாம் நவவி (ரஹ்) அவர்கள் தடுக்கவில்லை. நீக்குவதும் விடுவதும் வெட்கத்தால் நேராதிருந்தால் போதும்.

ஒக்கூரில் இஸ்திஹாளாச் சட்டத்தை ஓதிக்கொடுக்கும்போது சில முகங்கள் தாழ்வதைக் காண்கிறேன். பதினைந்து நாளைக் கடந்தும் உதிரம் நிற்காவிடில், ஷாஃபிஈ சட்டப்படி தொழுகை விலகாது என்று சொல்லி முடித்துவிடலாம். ஆனால், "சிவகங்கை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய் வா, மகளே" என்பதும் அப்பாடத்தைச் சேர்ந்ததே என்பது என் கருத்து.

மூன்று மாதத்துக்கு மேல் விலக்கு வராவிடில் காத்திருக்க வேண்டாம். கருப்பையின் உட்சுவர் தடித்துக்கொண்டே போவது பின்னாளில் புற்றுநோய்க்கும் வழி செய்யலாம். இரத்தச் சர்க்கரையையும் பார்த்துக்கொள்ளுங்கள். பருமனானவர் எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைத்தாலே பலருக்கு விலக்கு சீராகிறது. "பிள்ளை பிறக்காது" என்று மணப்பேச்சில் கிசுகிசுப்பது பொய். தக்க சிகிச்சையால் பெரும்பாலோர் தாயாகின்றனர். மருத்துவரிடம் செல்லும்போது, கடந்த ஆறு மாத விலக்குத் தேதிகளை ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். அவர் முதலில் கேட்பது அதைத்தான்.