மனநோய் விடுதியும் புழுங்கலரிசியும்

சிங்கப்பூரின் முதல் மனநோய் மருத்துவமனை 1841இல் பிராஸ் பாசா சாலையும் பென்கூலன் தெருவும் கூடும் முனையில் 30 படுக்கைகளுடன் எழுந்தது. அதற்கு முன்னர்ச் சித்தம் கலங்கியோரைச் சிறையிலேயே அடைத்து வைத்தனர். அங்கு அத்தகைய ஒருவர் மற்றொருவரைக் கொன்ற பிறகுதான் தனி இல்லம் தேவை என அரசு உணர்ந்தது. எனவே அதன் பிறப்பில் மருத்துவத்தைவிடக் காவலே மேலோங்கி நின்றது எனலாம். 1861இல் அது இன்றைய தேக்காவின் அண்டையில், கண்டாங் கெர்பாவ் மருத்துவமனையை ஒட்டிய இடத்திற்கு மாறியது. 1887இல் சிப்பாய் லைன்ஸ் பகுதியில் 300 படுக்கைகள் கொண்ட புதிய மனை அமைந்தது.

நம் 'பைத்தியம்' என்னும் சொல் பித்தத்தின் வழி வந்தது. உடலில் பித்தம் மிகுந்தால் அறிவு திரியும் என்பது பழைய மருத்துவக் கொள்கை. அவ்விடுதிக்கு ஆங்கிலேயர் இட்ட பெயரோ நிலவைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து பிறந்தது. இருவர் கையிலும் நோய்க்கு விளக்கம் இருந்தது, மருந்து இல்லை. உறக்கமருந்து, ஒழுங்கான அன்றாட வாழ்வு, கைவேலை ஆகியவையே பெரும்பாலும் அந்நூற்றாண்டின் மருத்துவம்.

ஆயினும் உள்ளிருந்தோர் பலரின் உயிரைப் பறித்தது மனநோய் அன்று, பெரிபெரி. கால் மரத்து, உடல் வீங்கி, இதயம் தளர்ந்து மடிவிக்கும் நோய் அது. தொற்று என்றனர் சிலர்; மண்ணின் நச்சு என்றனர் வேறு சிலர். மலாயாவில் பணியாற்றிய பிராடன் என்ற மருத்துவர், தமிழர்களை அது அரிதாகவே தாக்குவதைச் சுட்டி, அவர்கள் உண்ட புழுங்கலரிசியே காரணம் என்று வாதிட்டார்.

அக்கூற்றை ஐயுற்ற வில்லியம் ஃபிளெட்சர், 1905 இறுதியில் கோலாலம்பூர் மனநோய் விடுதியில் ஒரு சோதனை தொடங்கினார். நோயாளிகளை வரிசையில் நிறுத்தி எண்ணினார். ஒற்றை எண்ணினர் ஒரு கூடத்தில் தீட்டிய பச்சரிசி உண்டனர். இரட்டை எண்ணினர் மற்றொன்றில் புழுங்கலரிசி உண்டனர். ஓராண்டில் பச்சரிசிக் கூடத்தில் 18 பேர் பெரிபெரியால் இறந்தனர். மற்றதில் எவரும் இறக்கவில்லை. மருத்துவ வரலாற்றில் அது பாராட்டப்படும் ஆய்வு. ஆனால் அந்த வரிசையில் நின்றோரிடம் இசைவு கேட்கும் வழக்கம் அன்று இல்லை. மறுத்துரைக்கும் வாய்ப்பும் அவர்களுக்கு இல்லை. இதனை ஒதுக்கிவிட்டு அந்த எண்களை மட்டும் மாணவர்க்குச் சொல்லுதல் முறையன்று.

சிங்கப்பூர் விடுதியை நெடுங்காலம் நடத்திய கில்மோர் எல்லிஸும் 1909இல், புழுக்காத அரிசியே பெரிபெரிக்குக் காரணம் என எழுதினார். 'புழுங்கு' தன்வினை, 'புழுக்கு' பிறவினை: நெல்லை ஊறவைத்து, ஆவியில் வேகவிட்டு, உலர்த்திய பின்னரே குத்துவர். அவ்வாறு புழுக்கும்போது தவிட்டிலுள்ள சத்து அரிசியின் உள்ளே இறங்கிவிடுவதால், பின்னர்த் தீட்டினாலும் அது முழுதும் போவதில்லை. தயமின் என்னும் அச்சத்து 1926இல்தான், ஜாவாவில், அரிசித் தவிட்டிலிருந்து தனியே பிரித்தெடுக்கப்பட்டது. முதல் விடுதி நின்ற சாலையின் பெயருக்கு மலாயில் 'ஈர அரிசி' என்று பொருள், அது தற்செயல்தான்.