அவசரகால அதிகாரமும் ஊர்ப் பொலிஸின் கடமையும்

2019ஆம் ஆண்டு உயிர்த்த ஞாயிறன்று இலங்கையில் மூன்று தேவாலயங்களிலும் கொழும்பின் ஹோட்டல்களிலும் குண்டுகள் வெடித்து 250க்கும் மேற்பட்டோர் மாண்டதும், மறுநாள் நள்ளிரவு முதல் அவசரகால நிலை பிரகடனம் செய்யப்பட்டது. 1947ஆம் ஆண்டின் பொதுமக்கள் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் வழிவரும் இப்பிரகடனம், சாதாரணச் சட்டங்களை மேவிய விதிகளை இயற்றவும், ஐயத்துக்குரியவரைத் தடுத்து வைக்கவும், பொலிஸின் அதிகாரத்தை இராணுவத்துக்கு வழங்கவும் அரசுக்கு இடமளிக்கிறது. பாராளுமன்றத்தின் அங்கீகாரத்துடன் மாதந்தோறும் நீடிக்கவும் தக்கது. அத்துயரத்தினிடையே அதைக் குறித்து வாதாட யாருக்கும் மனம் வந்திராது. ஆயினும் கேட்டே தீரவேண்டிய கேள்வி ஒன்று உண்டு: அந்த அனர்த்தம் அதிகாரம் போதாமையாலா நேர்ந்தது?

இல்லை என்பதே உண்மை. தாக்குதலைப் பற்றிய எச்சரிக்கை இந்திய உளவுத்துறையிடமிருந்து ஏப்ரல் 4ஆம் திகதியே வந்திருந்தது. தேவாலயங்கள் இலக்காகலாம் என்பதும் தெரிந்தே இருந்தது. குண்டு வெடித்த மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தின் முற்றத்தில் ஞாயிறு பள்ளி முடிந்து நின்ற சிறுவர்களுக்கு வேண்டியிருந்தது புதிய சட்டமன்று. வாயிலில் விழிப்புடன் நிற்கும் ஒரு காவலரும், அவருக்கு உரிய காலத்தில் எட்டிய ஒரு செய்தியுமே. 2023 ஜனவரியில் உயர் நீதிமன்றம், கடமை தவறியமைக்காக முன்னாள் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன 10 கோடி ரூபாயும், அப்போதைய பொலிஸ் மா அதிபர் 7½ கோடி ரூபாயும் நட்டஈடு செலுத்த வேண்டுமெனத் தீர்ப்பளித்தது.

இதனினும் என் மனத்தை வருத்துவது அதன் பின் நிகழ்ந்தது. ஏப்ரல் 28ஆம் திகதி ஞாயிறு திருப்பலிகள் நிறுத்தப்பட்டிருந்தமையால், கத்தோலிக்கர் கர்தினாலின் பூசையைத் தொலைக்காட்சியில் கண்டு வணங்கினர். மே 12, 13ஆம் திகதிகளிலோ, அவசரகாலம் நடைமுறையிலிருக்க, ஊரடங்கும் பிறப்பிக்கப்பட்டிருக்க, குருநாகல், புத்தளம், கம்பஹா மாவட்டங்களில் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டன. கினியம பள்ளிவாசல் சூறையாடப்பட்டது. கொட்டாரமுல்லையில் தமது தச்சுப்பட்டறையிலிருந்த ஒருவர் வெட்டிக் கொல்லப்பட்டார். பொலிஸார் அருகிலிருந்தும் தடுக்கவில்லை என்று பல இடங்களில் ஊரார் முறையிட்டனர். அளவற்ற அதிகாரத்தைக் கையில் வைத்திருந்த அரசு, தொழுகையிடம் ஒன்றின் கதவைக் காக்க இயலாதிருந்ததை எந்த நியாயத்தால் சமாதானம் செய்வது? அவ்வாண்டு ஆகஸ்டில் அவசரகாலம் நீங்கியபோதும் இக்கேள்வி நீங்கவில்லை.

அவசரகாலம் இல்லாத நாட்களிலும் இக்குறை தொடர்வதை வவுனியா வடக்கின் வெடுக்குநாறி மலை காட்டுகிறது. அங்குள்ள ஆதிசிவன் ஆலயத்தின் விக்கிரகங்கள் 2023 மார்ச்சில் உடைக்கப்பட்டன. மறு ஆண்டு சிவராத்திரி இரவில் வழிபட வந்தோரில் எண்மரைப் பொலிஸார் கைது செய்தனர், மார்ச் 19ஆம் திகதிதான் நீதிமன்றம் அவர்களை விடுவித்தது. இக்குறை தீர, முறைப்பாட்டை ஊர் மக்களின் பாஷையிலேயே கேட்டெழுதி, ஊரையும் அதன் கோயிலையும் அறிந்து நடக்கக்கூடிய மாகாணப் பொலிஸ் வேண்டும்; மாகாணப் பொலிஸ் என்பது அரசியலமைப்பின் 1987ஆம் ஆண்டுப் பதின்மூன்றாம் திருத்தத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. அவசரகாலப் பிரகடனத்துக்கு ஓர் இரவு போதுமாயிருந்த நாட்டில், அப்பொலிஸ் இன்றுவரை எந்த மாகாணத்திலும் ஸ்தாபிக்கப்படவில்லை.