கரகரப்பும் மூன்று குமிழ்களும்

மின் கித்தாரின் ஒலியை வேண்டுமென்றே கரகரக்கச் செய்யும் சிறு பெட்டிக்கு டிஸ்டார்ஷன் பெடல் என்று பெயர். நம் சங்க விழாக்களில் வாசிக்கும் நண்பர் பலரிடம் அஃது உண்டு. ஆயின், அதன் மூன்று குமிழ்களையும் வலக்கோடி வரை திருகிவிட்டு, பாடுகிறவரின் சொல் ஒன்றும் கேட்கவில்லையே என்று பிறகு வருந்துவானேன்?

இப்பெட்டி பிறந்ததற்கே ஒரு பழுதுதான் காரணம். 1961-ல் வெளிவந்த மார்ட்டி ராபின்ஸ் பாடல் ஒன்றில், பதிவுக் கருவி பழுதுற்றதால் ஒலி சிதைந்தது. அச்சிதைவு பலருக்குப் பிடித்துப்போயிற்று! 1962-ல் மேஸ்ட்ரோவின் ஃபஸ்-டோன் பெட்டி விற்பனைக்கு வந்தது. 1965-ல் ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவினர் 'சாட்டிஸ்ஃபேக்ஷன்' பாட்டில் கையாண்ட பின்னரே அது பரவிற்று.

முதற்குமிழ் டிரைவ். சில பெடல்களில் கெயின் என்றும் எழுதியிருக்கும். இஃது ஓசையைக் கூட்டும் குமிழ் அன்று. கித்தாரிலிருந்து வரும் மின்னலையை இது பெருக்குகிறது. உள்ளிருக்கும் டையோடுகளோ அலையை ஓர் எல்லைக்கு மேல் எழ விடுவதில்லை. சிலிக்கன் டையோடாயின் அவ்வெல்லை ஏறத்தாழ 0.6 வோல்ட். முகடு வெட்டுண்டு தட்டையான அலையில் மேற்சுரங்கள் மிகுதி, அவையே கரகரப்பு. மெல்ல மீட்டினாலும் வலிந்து மீட்டினாலும் அலை ஏறக்குறைய ஒரே உயரம் ஆகிவிடுவதால் சுரம் நெடிது நிற்கும். விரலின் நயமோ மறையும்.

இரண்டு சுரங்களைச் சேர்த்து மீட்டினால் இன்னொரு வேடிக்கை. அவற்றின் மடங்குகளைக் கூட்டியும் கழித்தும் புதிய சுரங்களைப் பெடலே உண்டாக்கும். வினாடிக்கு 110 அதிர்வுள்ள சட்ஜத்தோடு 165 அதிர்வுள்ள பஞ்சமத்தை மீட்டுக. 220-லிருந்து 165 போக 55. அது கீழ்ஸ்தாயிச் சட்ஜமே. இனி அந்தர காந்தாரத்தையும் சேர்ப்போம். கித்தாரில் அது 138.6. அதன் இருமடங்கிலிருந்து 110 போக 167.2, பஞ்சமத்தின் அருகே நின்று அதனோடு உரசும். டிரைவ் ஏற ஏற, சேர்த்து மீட்டும் சுரங்களைக் குறைக்க வேண்டுவது இதனால்தான்.

டோன் குமிழ் ஒலியின் கூர்மையை ஆள்வது. ராட் என்னும் பெடலில் மட்டும் எச்சரிக்கை வேண்டும்: அங்கே இதற்கு ஃபில்டர் என்று பெயர், வலப்புறம் திருகினால் கூர்மை குறையும்.

மூன்றாவதான லெவலையே முதலிற் சரிசெய்க. பெடலை மிதித்தாலும் விட்டாலும் ஓசை ஒரே அளவாயிருக்கட்டும். உரத்த ஒலியை நல்ல ஒலி என்று நம்பிவிடுவது செவியின் இயல்பு. அளவு ஒத்திருந்தால்தான் மற்றக் குமிழ்கள் செய்வது விளங்கும். பிறகு டிரைவைப் பாதிக்குக் கீழிருந்து ஏற்றுக. அறையில் தனியே வாசிக்கையில் போதாததாகத் தோன்றும் டிரைவ், தபலாவும் குரலும் சேர்ந்த மேடையில் போதும். பாடகர் பாடும்போது கித்தாரின் சொந்த ஒலிக் குமிழைச் சற்றுக் குறைத்தாலே கரகரப்பு தணியும், குனிய வேண்டா.

பாட்டரியில் இயங்கும் பெடலாயின், வாசித்து முடிந்ததும் கித்தாரிலிருந்து வரும் கம்பியைப் பிடுங்கிவிடுங்கள். பெரும்பாலான பெடல்களில் அக்கம்பி செருகும் துளையே மின்விசையும் ஆகும். செருகியே விட்டால், வாசிக்காதபோதும் 9 வோல்ட் பாட்டரி வீணே தீர்ந்துகொண்டிருக்கும்.