மனைவிக்கு ஒரு பிஸ்டல்

தாராவியில் தோல் பட்டறை, மாதுங்காவில் கடை, செம்பூரில் வீடு. பட்டறையைக் கணவர் கவனிக்க, இரவில் கடையை மூடி வசூல் பணத்தோடு வீடு திரும்புவது மனைவி. மும்பையில் பிழைக்கும் ஒரு தமிழ்க் குடும்பத்தை இப்படிக் கற்பனை செய்துகொள்ளலாம். ஒரு நாள் யாரோ பின்தொடர்ந்து வந்தால் போதும். ‘அவளுக்கு ஒரு சின்ன பிஸ்டல் வாங்கிக் கொடுத்துவிட்டால் என்ன?’ என்ற பேச்சு எழும். தெரிந்தவர் ஒருவரிடம் பழையது இருக்கும். கைக்கு அடக்கமானது, வெளிநாட்டுச் சரக்கு. விலை பேசி முடிக்க வேண்டியதுதான் பாக்கி.

ஆனால் அவ்வளவு சுலபமில்லை. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் முன் தாலி ஒரு உரிமம் ஆகாது. கணவர் தன் உரிமத்தில் வாங்கிய பிஸ்டல் மனைவியின் கைப்பையில் இருந்தால், அவரைப் பொறுத்தவரை அது உரிமமில்லாத ஆயுதம். 2019இல் வந்த திருத்தத்துக்குப் பின் இதற்குக் குறைந்தபட்ச தண்டனை 2 ஆண்டு சிறை. 5 ஆண்டு வரை நீளலாம்.

மும்பைக்கு இது புதிய பாடமல்ல. 1993 குண்டுவெடிப்பு வழக்கில் சிக்கிய நடிகர் சஞ்சய் தத், கலவர நாட்களில் குடும்பத்தின் பாதுகாப்புக்காகவே ஆயுதம் வைத்திருந்ததாகச் சொன்னார். எடுபடவில்லை. 2013இல் உச்ச நீதிமன்றம் விதித்தது 5 ஆண்டு. 2024 பிப்ரவரியில் வட மும்பையில் அபிஷேக் கோசால்கர் சுட்டுக் கொல்லப்பட்டபோது பயன்பட்டது, சுட்டவருடைய மெய்க்காப்பாளரின் உரிமம் பெற்ற துப்பாக்கி. அந்த மெய்க்காப்பாளரும் கைதானார்.

ஆகவே முதலில் வேண்டியது மனைவியின் பெயரில் உரிமம். மும்பையில் அதைத் தருபவர் போலீஸ் கமிஷனர். வயது 21 நிரம்பியிருக்க வேண்டும். உள்ளூர் காவல் நிலையம் விசாரிக்கும். 2016 விதிகளின்படி பயிற்சிச் சான்றிதழும், ஆயுதத்தைப் பத்திரமாக வைப்பதற்கான உறுதிமொழியும் கேட்கிறார்கள். ‘பயமாக இருக்கிறது’ என்று மட்டும் எழுதினால் மனு நகராது. மிரட்டல் வந்தபோது கொடுத்த புகாரின் நகல் இருந்தால் பேச இடமுண்டு.

உரிமம் கிடைத்த பிறகும் நினைத்ததை வாங்க முடியாது. 9 மி.மீ. பிஸ்டல் தடை செய்யப்பட்ட ரகம். சாதாரண மனிதருக்கு மிஞ்சுவது பெரும்பாலும் .32. இதிலும் ஒரு குழப்பம்: ரிவால்வருக்கான .32 தோட்டா வேறு, பிஸ்டலுக்கான .32 வேறு. ஒன்றுக்கு வாங்கியது மற்றதற்கு உதவாது.

தனிநபர் இறக்குமதி 1980களின் நடுவிலேயே நிறுத்தப்பட்டதால், சந்தையில் சுற்றும் வெளிநாட்டு பிஸ்டல்களில் பலவும் அதற்கு முன் வந்தவை. அதாவது 40 வயதைத் தாண்டியவை. பெயருக்குத்தான் விலை, உள்ளே இருக்கும் ஸ்பிரிங்குக்கு யாரும் விலை பேசுவதில்லை. அசல் மேகசின் உண்டா, குழலுக்குள் துரு அரித்த பள்ளங்கள் உண்டா, ஆயுதத்தின் எண் விற்பவரின் உரிமத்தில் உள்ள எண்ணோடு பொருந்துகிறதா, சேஃப்டி உண்மையிலேயே பிடிக்கிறதா என்பதை உரிமம் பெற்ற வியாபாரியிடம் காட்டிப் பார்க்க வேண்டும். நடிகர் கோவிந்தாவின் காலில் 2024 அக்டோபர் 1 அன்று குண்டு பாய்ந்தது எதிரியின் துப்பாக்கியிலிருந்து அல்ல. அவருடைய சொந்த, உரிமம் பெற்ற ரிவால்வரிலிருந்து. கைதவறி விழுந்து வெடித்தது என்பது அவர் தரப்பு விளக்கம்.

கணவர்கள் வழக்கமாகச் செய்யும் தவறு ஒன்று உண்டு. சின்னதாக இருந்தால் பெண்ணுக்குச் சுலபம் என்று நினைப்பது. சிறிய .32 பிஸ்டல்கள் பலவற்றில் சுடும்போது பின்னோக்கித் தள்ளும் விசையைத் தாங்குவது ஸ்பிரிங்கும் ஸ்லைடின் எடையும்தான். ஆகவே ஸ்பிரிங் முரடாக இருக்கும். ஸ்லைடைப் பின்னுக்கு இழுக்கவே விரல்கள் திணறும். எடை குறைந்தால் கையில் அதிர்வும் கூடும். கடையில் நின்று அதை இழுத்துப் பார்க்க வேண்டியவர் மனைவி, கணவர் அல்ல. மேகசினைக் கழற்றிய பின்னும் குழலின் அறையில் ஒரு தோட்டா தங்கியிருக்கலாம் என்பதும் அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். பிஸ்டலால் நேரும் வீட்டு விபத்துகளுக்கு இது பழைய காரணம்.

ரிவால்வரில் இந்தத் தொல்லை குறைவு. உருளையைத் திறந்தால் தோட்டாக்கள் கண்ணுக்குத் தெரியும். 2014இல் கான்பூர் அரசுத் தொழிற்சாலை பெண்களை மனதில் வைத்து அறிமுகம் செய்த ‘நிர்பீக்’ ரிவால்வர்தான். எடை சுமார் 500 கிராம், அப்போதைய விலை ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்கு மேல். அந்த விலையைப் பார்த்துத்தான் பலருக்கும் பழைய பிஸ்டல் மீது கண் போனது.

சரி, பிஸ்டலே பிடித்துவிட்டது, இருவரிடமும் உரிமம் இருக்கிறது. அப்போதும் பணத்தைக் கொடுத்து எடுத்துவர முடியாது. தனிநபர் விற்பதானால் மாவட்ட மாஜிஸ்திரேட்டுக்கோ அருகிலுள்ள காவல் நிலையத்துக்கோ எழுத்தில் தெரிவித்து 45 நாள் காத்திருக்க வேண்டும். அந்த 45 நாளும் மாதுங்கா கடையை இருட்டுவதற்கு முன்பே மூடுவது, வசூலை அன்றன்றே வங்கியில் கட்டுவது என்று எப்படியும் ஒரு ஏற்பாடு செய்தாக வேண்டும். அது பழகிவிட்டால், 46ஆவது நாள் பிஸ்டலை வாங்கப் போவார்களா என்பது சந்தேகம்தான்.