கோட்டுக் கையைப் படியுங்கள்

மயிலாப்பூர் லஸ் பக்கத்துப் பழைய புத்தகக் கடைகளிலும், தி. நகரில் இடிபடும் வீட்டிலிருந்து காயலான் கடைக்குப் போகும் சாமான்களிலும் பழைய போட்டோக்கள் கிடைப்பதுண்டு. அதில் கடற்படை உடுப்புக்காரர் ஒருவர் இருந்தால், பெயர் தேடிப் பின்பக்கம் திருப்புவதற்கு முன் கோட்டின் கையைப் பாருங்கள்.

மணிக்கட்டுக்கு மேலே சரிகை வளையங்கள் இருக்கும். ஒன்று என்றால் சப்-லெப்டினன்ட், இரண்டு லெப்டினன்ட், மூன்று கமாண்டர், நான்கு கேப்டன். கடற்படைக் கேப்டன் தரைப்படைக் கேப்டனைவிட மூன்று படி உயர்ந்தவர். வெள்ளை உடுப்பில் கையில் சரிகை இராது. நம் ஊர் வெயிலில் எடுத்த படங்களில் தோள்பட்டையைத்தான் தேட வேண்டும்.

சரிகை நேராக ஓடினால் நிரந்தரப் படையினர். அலை அலையாக நெளிந்தால் தன்னார்வ ரிசர்வ் படையினர். இரண்டாம் உலகப் போருக்காகப் படிப்பையோ வேலையையோ விட்டுக் கடலுக்குப் போனவராக இருக்கக்கூடும். ஒரு நெளிவு இவ்வளவு சொல்கிறது என்பதுதான் என்னை இந்தப் படங்களோடு கட்டிப்போட்டது.

அடுத்தது தொப்பிச் சின்னம். 1950 ஜனவரி 26-இல் 'ராயல்' என்ற சொல் நம் கடற்படையின் பெயரிலிருந்து போனது. பிரிட்டிஷ் கிரீடம் இருந்த இடத்தில் அசோகச் சிங்கங்கள் வந்தன. செங்கல்பட்டில் 1911-இல் பிறந்த ராம்தாஸ் கட்டாரி இரண்டு காலத்திலும் பணியாற்றியவர். 1958 ஏப்ரல் 22-இல் கடற்படைக்குத் தலைமையேற்ற முதல் இந்தியர் அவர். அவருடைய இளமைப் படத்தையும் பிற்காலப் படத்தையும் அருகருகே வைத்தால், ஒரு நாடு கைமாறியது தொப்பியிலேயே தெரியும். கிரீடம் தொப்பியில் மட்டுமல்லாமல் கைச் சரிகைக்கு மேலும் இருந்தால் அவர் கைசர் காலத்து ஜெர்மானியராக இருக்கலாம். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னை மீது குண்டு வீசிய எம்டன் கப்பலின் கேப்டன் கார்ல் ஃபான் முல்லர் அணிந்த உடுப்பு அந்த வகை.

கிடைத்த படத்தைக் காப்பாற்றுவது அடையாளம் காண்பதைவிடக் கடினம். கடலோர ஈரத்தில் படத்தின் ஜெலட்டின் பூச்சு இளகிச் சட்டக் கண்ணாடியோடு ஒட்டிக்கொள்ளும். ஒட்டியதைப் பிய்க்காதீர்கள், முகமே உரிந்து வந்துவிடும். கண்ணாடியோடு ஸ்கேன் செய்யுங்கள். லேமினேஷன் வேண்டவே வேண்டாம். ஓரம் பழசாகிவிட்டது என்று அட்டையை வெட்டிவிடவும் கூடாது: ஸ்டூடியோவின் பெயரும் ஊரும் பெரும்பாலும் அங்கேதான் அச்சாகியிருக்கும். வீட்டுப் பெரியவர்கள் யாராவது பெயர் சொன்னால், அன்றைக்கே மென்மையான பென்சிலால் பின்பக்கம் எழுதிவையுங்கள்.