சித்திரத்தில் திப்பு: வகுப்பறைக்குள் விடலாமா?

வீரனா, கொடுங்கோலனா என்ற சண்டை ஓயவில்லை. படக்கதை ஒன்றைப் பிள்ளைகள் கையில் கொடுக்குமுன் கேட்க வேண்டிய கேள்வி வேறு.

கோலார் தங்கவயல் பிள்ளைகளுக்குத் திப்பு சுல்தான் வெறும் பாடப்புத்தக மனிதர் அல்ல. கிட்டத்தட்ட பக்கத்து ஊர்க்காரர். அவருடைய தந்தை ஐதர் அலி பிறந்த பூதிக்கோட்டை அண்டையிலுள்ள பங்காருப்பேட்டை தாலுகாவில் இருக்கிறது. பாட்டனார் ஃபதே முகமதுவின் கல்லறை கோலார் நகரில். 1799 மே 4-ஆம் தேதி ஸ்ரீரங்கப்பட்டணத்தில் திப்பு வீழ்ந்தார். அதன் பின் மைசூர் நாட்டை அளக்க வந்த ஆங்கிலேய ராணுவ அதிகாரிகளில் ஒருவரான ஜான் வாரன், 1802-இல் இந்த மண்ணில் தங்கம் இருப்பதைப் பதிவு செய்தார். அந்தக் குறிப்புதான் பிற்பாடு சுரங்கமாயிற்று. சுரங்கம்தான் வட ஆற்காட்டிலிருந்து தமிழர்களை இங்கே கொண்டுவந்து சேர்த்தது.

அவர்களின் பேரப் பிள்ளைகள் படிக்கும் வகுப்பில் இந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என்று எல்லாரும் ஒரே பெஞ்சில் அமர்கிறார்கள். அங்கே ஓர் ஆசிரியர் திப்புவின் கதையைச் சித்திரங்களாகப் பிரித்து வைத்தால் என்ன நடக்கும்? ஒருவன் பெருமையில் நிமிரலாம். இன்னொருவன் பக்கத்தில் இருப்பவனை ஒரு மாதிரி பார்க்கலாம். பாதிக்கப்படப் போவது பெஞ்சில் இருக்கும் நட்பு. கவலை அதுதான்.

கர்நாடகத்தில் இது கற்பனைக் கவலையும் அல்ல. 2015-இல் மாநில அரசு திப்பு ஜெயந்தி கொண்டாடத் தொடங்கியபோது குடகில் கலவரம் வெடித்தது. 2019 ஜூலையில் பதவியேற்ற எடியூரப்பா அரசு விழாவை ரத்து செய்தது. அதே ஆண்டு, திப்பு பாடங்களை நீக்க வேண்டும் என்று குடகுச் சட்டமன்ற உறுப்பினர் ஒருவர் கோரினார். ஆராய்ந்த குழு, நீக்க முடியாது என்றது. 2020-இல் கொரோனாவைக் காரணம் காட்டிப் பாடச் சுமையைக் குறைத்தபோது வெட்டப்பட்டவற்றில் திப்புவும் இருந்தார். எதிர்ப்பு கிளம்பியதும் அந்த முடிவு நிறுத்தி வைக்கப்பட்டது. ஆட்சி மாறினால் பாடமும் ஆட்டம் காண்கிறது.

இரு கணக்குகள்

சிக்கல் என்னவென்றால், இரு தரப்பும் காட்டும் சான்றுகளில் உண்மை இருக்கிறது. 1784-இல் மங்களூர்ப் பகுதிக் கத்தோலிக்கர்களைத் திப்பு கூட்டம் கூட்டமாகச் சிறைபிடித்து ஸ்ரீரங்கப்பட்டணத்துக்கு நடத்திச் சென்றார். உயிர் பிழைத்தவர்கள் அவர் இறந்த பிறகே ஊர் திரும்பினார்கள். குடகர்களுக்கும் மலபார் நாயர்களுக்கும் நேர்ந்ததும் இதுவே. எத்தனை பேர் என்பதில் மட்டும் வரலாற்றாசிரியர்களின் கணக்குகள் வேறுபடுகின்றன.

மறுபக்கம், 1791-இல் மராத்தியப் படை சிருங்கேரி மடத்தைக் கொள்ளையடித்தபோது, சாரதையின் சிலையை மறுபடி நிறுவப் பொருள் அனுப்பியவரும் இதே திப்புதான். அவர் மடத்துக்குக் கன்னடத்தில் எழுதிய கடிதங்களை மைசூர் தொல்லியல் துறையின் நரசிம்மாச்சார் 1916-இல் வெளிக்கொணர்ந்தார்.

ஒரே கை இரண்டையும் செய்திருக்கிறது. உரைநடையில் இதை எழுதலாம். 'ஆனால்', 'இருப்பினும்' என்ற சொற்கள் கைகொடுக்கும். சித்திரத்தில் 'ஆனால்' வரைய முடியாது. கட்டத்துக்குள் முகம் ஒன்று கனிவாக இருக்கும், அல்லது கொடூரமாக இருக்கும். 1967-இல் தொடங்கிய அமர் சித்திரக் கதை வரிசையில் திப்புவுக்கும் ஓர் இதழ் உண்டு. அந்த வரிசையின் வழக்கமான அளவு 32 பக்கம். 17 ஆண்டு ஆட்சியை 32 பக்கத்தில் அடக்கினால் எது வெளியே நிற்கும் என்பதுதான் கேள்வி.

சுவரில் ஒரு போர்

திப்புவைச் சித்திரக் கதையாக்கியது இந்தத் தலைமுறையும் அல்ல. ஸ்ரீரங்கப்பட்டணத்து தரியா தௌலத் மாளிகையின் சுவரில் பெரிய போர் ஓவியம் ஒன்று இருக்கிறது. 1780-இல் காஞ்சிபுரம் அருகே பொள்ளிலூரில் ஐதரும் திப்புவும் ஆங்கிலேயரை முறியடித்த காட்சி. வெடித்துச் சிதறும் மருந்து வண்டி, பல்லக்கில் காயத்தோடு கர்னல் பெய்லி, யானை மீது நிதானமாக ஐதர். அந்தப் படையெடுப்பில் எரிந்த ஆற்காட்டுக் கிராமங்கள் ஓவியத்தின் பொருள் அல்ல.

எதிர்த்தரப்பும் வரைந்தது. 1792-இல் தோற்ற திப்பு தன் இரு சிறு பிள்ளைகளைக் காரன்வாலிஸிடம் பிணையாக ஒப்படைத்தார். ஆங்கில ஓவியர் ராபர்ட் ஹோம் தீட்டிய காட்சியில் காரன்வாலிஸ் அன்பான பெரியவர்போல் குழந்தைகளை வரவேற்கிறார். பிணைக்கைதிகள் விருந்தாளிகள் ஆகிவிட்டார்கள்.

இரண்டு ஓவியங்களும் திறமையானவை. இரண்டும் ஒரு தரப்பின் கண். அவற்றை அருகருகே வைத்துவிட்டால், படம் என்பது சாட்சியின் வாக்குமூலம், தீர்ப்பு அல்ல என்பதை 13 வயதுப் பிள்ளையும் புரிந்துகொள்ளும்.

எதைப் பார்ப்பது?

ஆக, வகுப்பறைக்கு வரும் சித்திரக் கதையை, அது திப்புவைப் புகழ்கிறதா இகழ்கிறதா என்று எடைபோட்டுப் பயனில்லை. வேறு சில கேள்விகள் உதவும். சிருங்கேரி, மங்களூர் இரண்டுக்கும் அதில் இடம் உண்டா? சிறைபிடிக்கப்பட்டவர்களுக்கு முகம் இருக்கிறதா, அல்லது அவர்கள் குதிரைக் குளம்படியில் வெறும் புள்ளிகளா? ஒரு மதத்தார் அத்தனை பேரையும் ஒரே முறைப்போடு வரைந்திருக்கிறார்களா? எல்லாவற்றுக்கும் மேலாக, பேச்சுக் குமிழிகள். மன்னர் வாயில் வரும் வசனம் எந்தக் கடிதத்தில் இருக்கிறது? பெரும்பாலும் எதிலும் இராது. எது ஆவணம், எது ஓவியரின் கற்பனை என்று பிள்ளைகளையே பிரிக்கச் சொன்னால் அதுவே நல்ல வரலாற்றுப் பாடம்.

தடை செய்வது சுலபம். நாஜிகளின் யூத இனப் படுகொலையைச் சித்திரமாகச் சொல்லி 1992-இல் புலிட்சர் சிறப்புப் பரிசு பெற்ற 'மௌஸ்' நூலை, அமெரிக்காவின் டென்னசி மாநிலப் பள்ளி வாரியம் ஒன்று 2022 ஜனவரியில் பாடத்திட்டத்திலிருந்து நீக்கியது. சொன்ன காரணம், சில கெட்ட வார்த்தைகளும் ஒரு நிர்வாணப் படமும். செய்தி பரவியதும் நூல் விற்றுத் தீர்ந்தது. ஆசிரியரின் துணையின்றிப் படிக்கிற வாய்ப்பை வாரியமே உண்டாக்கிக் கொடுத்தது.

பிறர் வரைந்த படம் எப்படி வலிக்கும் என்பது தங்கவயலுக்குப் புதிதல்ல. 2018-இல் வந்த 'கேஜிஎஃப்' திரைப்படத்தில் இந்தப் பெயர் கொண்ட ஊர், ஒரு கொடியவனின் அடிமைகள் வாடும் குழி. அசல் ஊரில் தொழிற்சங்கம் கண்ட தொழிலாளர்கள் 3 கிலோமீட்டர் ஆழத்துக்கும் கீழே இறங்கி வேலை பார்த்தார்கள். 1902-லேயே சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. 2001 பிப்ரவரி 28-இல் சுரங்கம் மூடப்பட்டது. படத்தில் இருப்பது தங்கள் தாத்தா அல்ல என்று இந்த ஊர்ப் பிள்ளைகளுக்குத் தெரியும்.

அதே சந்தேகத்தைத் திப்புவின் படத்திடமும் காட்ட அவர்களுக்குக் கற்றுக்கொடுத்தால் போதும். புத்தகம் வகுப்பறைக்குள் வரலாம்.