எல்லா டிஸ்க்கும் ஒரே நாளில் போனால்?

2019 நவம்பரில் ஹ்யூலெட் பேக்கர்ட் என்டர்பிரைஸ் நிறுவனம் தன் சர்வர் வாடிக்கையாளர்களுக்கு ஓர் அவசர அறிவிப்பு விட்டது. அது விற்ற சில எஸ்எஸ்டி மாடல்கள் 32,768 மணி நேரம் ஓடி முடித்ததும் செயலிழந்துவிடும்; ஃபர்ம்வேரை முன்கூட்டியே மாற்றாவிட்டால் டிஸ்க்கும் பிழைக்காது, உள்ளே உள்ள தரவும் பிழைக்காது. கணக்குப் போட்டால் 3 ஆண்டு, 270 நாள், 8 மணி நேரம். 16 பிட் இடத்தில் கூட்டல் கழித்தல் குறியோடு எழுத முடிகிற மிகப்பெரிய எண் 32,767. கோளாறு எந்த வகையைச் சேர்ந்தது என்று புரோகிராமர்களுக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

ஒரு டிஸ்க் போவது பெரிய விஷயமே இல்லை. அதைச் சமாளிக்கத்தான் ரெய்டு என்ற ஏற்பாடு இருக்கிறது. ஆனால் சர்வரில் எட்டு டிஸ்க் இருந்தால் எட்டையும் ஒரே நாளில்தான் மாட்டியிருப்பார்கள். எட்டுக்கும் அந்த 32,768-ஆவது மணி ஒன்றாகவே வரும்.

ரெய்டுக்குப் பெயர் கொடுத்தது, கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ராண்டி காட்ஸ் மூவரும் 1988-இல் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரை. விலை உயர்ந்த ஒரு பெரிய டிஸ்க்குக்குப் பதிலாக மலிவான சிறிய டிஸ்க்குகள் பலவற்றைச் சேர்த்துக் கட்டலாம் என்றார்கள். டிஸ்க்குகள் கூடக் கூட ஏதாவது ஒன்று பழுதாகும் வாய்ப்பும் கூடும் என்பதும் அவர்களுக்குத் தெரியும். அதற்கான மருந்துதான் பாரிட்டி.

நான்கு டிஸ்க்குகளை வைத்துப் பார்ப்போம். முதல் மூன்றில் ஓரிடத்தில் 1, 0, 1 என்று பிட்டுகள் இருக்கின்றன. மொத்தத்தில் 1-களின் எண்ணிக்கை இரட்டைப்படையாக இருக்க வேண்டும் என்பது விதி. இங்கே ஏற்கெனவே இரண்டு இருப்பதால் நான்காவது டிஸ்க்கில் 0 எழுதப்படும்; அதுதான் பாரிட்டி. இப்போது இரண்டாவது டிஸ்க் போய்விட்டது. மிஞ்சியவை 1, 1, 0. விதிப்படி காணாமல் போனது 0-வாகத்தான் இருக்க முடியும். இதையே கோடிக்கணக்கான இடங்களில் செய்தால் புது டிஸ்க்கில் பழைய தரவு முழுவதும் மீண்டுவிடும்.

இரண்டு டிஸ்க் போனால் இந்தக் கணக்கு கைவிட்டுவிடும். முதல் டிஸ்க் போனபின் புது டிஸ்க்கை நிரப்பி முடிக்கும் வரையிலான நேரம்தான் ஆபத்தானது. 16 டெராபைட் டிஸ்க் ஒன்றை நொடிக்கு 200 மெகாபைட் வேகத்தில் நிறுத்தாமல் நிரப்பினாலும் ஏறக்குறைய 22 மணி நேரம் பிடிக்கும். நடுவே பயனர்களும் வேலை வாங்கினால் நாள்கணக்காகும். அந்த நேரம் முழுவதும் மிச்சமுள்ள டிஸ்க்குகள் தொடக்கம் முதல் கடைசிவரை படிக்கப்படுகின்றன. அவையும் ஒரே நாளில் வாங்கி மாட்டிய டியூப்லைட்டுகள் மாதிரி; ஒன்று கண் சிமிட்ட ஆரம்பித்தால் மற்றவற்றுக்கும் வயது அதேதான். பெரிய டிஸ்க்குகளுக்கு ஒற்றைப் பாரிட்டி போதாது என்று அனுபவஸ்தர்கள் சொல்வது இதனால்தான். வெவ்வேறு தயாரிப்புத் தொகுதிகளிலிருந்து டிஸ்க் வாங்கச் சொல்வதும் இதனால்தான். பேக்கப் சேவை நடத்தும் பேக்பிளேஸ் நிறுவனம் ஒரு கோப்பை 17 துண்டாக்கி, 3 பாரிட்டித் துண்டு சேர்த்து, 20 தனித்தனிப் பெட்டிகளில் வைத்தது. எந்த மூன்று போனாலும் கோப்பு கிடைக்கும். இதற்கு அடிப்படையான ரீட்-சாலமன் முறை 1960-இல் வந்தது. இசை சிடியில் கீறல் விழுந்தாலும் பாட்டு தடையில்லாமல் ஓடியது அதன் புண்ணியம்.

அடுத்த தலைவலி, இடம் போதாமல் போவது. ரெய்டு குழுவில் உள்ள டிஸ்க்குகளை ஒவ்வொன்றாகப் பெரிதாக மாற்றுவது பழைய வழி. சிறிய டிஸ்க்கின் அளவுதான் எல்லாவற்றுக்கும் வரம்பு என்பதால், கடைசி டிஸ்க்கையும் மாற்றும்வரை பெரும்பாலும் ஒரு ஜிபிகூட அதிகரிக்காது. ஒவ்வொரு முறையும் நன்றாக ஓடும் டிஸ்க்கைக் கழற்றி நாமே குழுவை ஊனமாக்குகிறோம். காலி ஸ்லாட் ஒன்று இருந்தால் பழையதைக் கழற்றாமலேயே புதியதை மாட்டி நிரப்பிக்கொள்ளலாம். சர்வர் வாங்கும்போது ஒரு ஸ்லாட்டைக் காலியாக விடுவதற்கு என் ஓட்டு. இசட்எஃப்எஸ் கோப்பு முறையில், அதன் ரெய்டு வடிவமான ரெய்டு-இசட் குழுவுக்கு ஒரே ஒரு டிஸ்க்கைக் கூடுதலாகச் சேர்க்கும் வசதி, 2025 ஜனவரியில் வந்த ஓப்பன்இசட்எஃப்எஸ் 2.3 பதிப்பில்தான் கிடைத்தது. அதிலும் ஏற்கெனவே எழுதிய தரவு பழைய பாரிட்டி விகிதத்திலேயே கிடக்கும். திரும்ப எழுதினால்தான் இடம் முழுசாக மிச்சமாகும்.

இத்தனையும் டிஸ்க் பழுதுக்கு மட்டுமே கவசம். தவறுதலாக அழித்த கோப்பை ரெய்டு எல்லா டிஸ்க்கிலும் அதே நொடியில் பொறுப்பாக அழித்துத் தரும். தீப்பிடித்தால் டிஸ்க், பாரிட்டி இரண்டும் ஒரே பெட்டியில்தான் எரியும்.

2025 செப்டம்பர் 26 அன்று தென்கொரியாவின் டேஜான் நகரில் அரசுத் தரவு மையத்தில் லித்தியம் பேட்டரிகள் தீப்பிடித்தன. அரசு ஊழியர்கள் தலைக்கு 30 ஜிபி வீதம் கோப்புகளைச் சேமித்துவந்த ஜி-டிரைவ் அதில் அழிந்தது. போனது 858 டெராபைட். வேறு இடத்தில் நகல் இல்லை. கொள்ளளவு மிகப் பெரியது, வேகம் குறைவு, அதனால் வெளியே பேக்கப் எடுக்க முடியவில்லை என்பது சொல்லப்பட்ட காரணம்.

இந்தக் காரணம் எனக்குச் செரிக்கவில்லை. 20 டெராபைட் டிஸ்க்காக இருந்தால் 858 டெராபைட்டுக்கு 43 போதும். 17-க்கு 3 என்ற விகிதத்தில் தாராளமாகப் பாரிட்டி வைத்தாலும் மூன்று குழு, மொத்தம் 60 டிஸ்க். வளர இன்னும் 150 டெராபைட்டுக்கு மேல் இடம் மிஞ்சும். 60 டிஸ்க் கொள்ளும் ஏழு அங்குல உயரச் சர்வர் பெட்டிகள் சந்தையில் விற்கின்றன. வேகம் குறைவு என்றால் முதல் நகலுக்குச் சில வாரம் ஆகியிருக்கும். அதன் பிறகு அன்றன்று மாறியதை மட்டும் அனுப்பினால் போதும்.